சாமைச் சோறும் சிட்டிலிங்கியும்

தர்மபுரி என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களுக்கு மூன்று விஷயங்கள் ஞாபகத்துக்கு வரக்கூடும். ஒன்று, அதியமான் நெடுமான் அஞ்சி தான் உண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. இரண்டாவது, காவேரி பாறைகளில் மோதிப் புகையாக எழும் ஒகேனக்கல். மூன்றாவது, வேறென்ன, மாம்பழந்தான்!

நான்காவதாகவும் ஒரு விஷயம் உண்டு. அது நெல்லிக்கனியைப் போலப் புகழடையவில்லை. அருவியைப் போல் ஆரவாரம் செய்வதில்லை. மாம்பழத்தைப் போல் பட்டணத்துக் கடைவீதியில் மணப்பதுமில்லை. வானம் பார்த்த ஒரு துண்டு நிலத்தில், ஒரே பருவத்தில், பத்துப் பன்னிரண்டு பயிர்களை ஒன்றுக்கொன்று சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தச் செய்யும் வித்தைதான் அது. மேல்நாட்டு அறிஞர்கள் இதற்கு இன்று நீளமான சாஸ்திரப் பெயர் வைத்து மகாநாடுகள் கூட்டுகிறார்கள். இந்த ஜில்லாவின் மலையடிக் கிராமங்களில் இதற்குத் தனிப் பெயரே கிடையாது. "கொல்லை" என்பார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கொல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் சிட்டிலிங்கிக்குப் போக வேண்டும்.

மலைகளுக்கு நடுவே

ரயிலில் வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கலாம். அங்கிருந்து அரூருக்குப் பஸ். அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகச் சிட்டிலிங்கிக்கு இன்னொரு பஸ். வழி நெடுகப் புளிய மரங்கள், கரும்பாறைக் குன்றுகள், மரவள்ளித் தோட்டங்கள். போகப் போக இரு பக்கமும் மலைகள் நெருங்கி வருகின்றன. ஒரு பக்கம் கல்வராயன் மலை. மறு பக்கம் சித்தேரி மலை. நடுவே, இரண்டு கைகளால் ஏந்திய பாத்திரம் போலக் கிடக்கிறது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு.

இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். உடனே நேயர்கள் கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது சுத்தமான தமிழ். மலையை ஆள்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாக இவர்களிடையே ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்குகிறது. இவர்களுடன் லம்பாடி மக்களும் தாண்டாக்களில் வசிக்கிறார்கள். கண்ணாடிச் சில்லும் வண்ண நூலும் கொண்டு அவர்கள் துணியில் செய்யும் தையல் வேலைப்பாடு தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது.

ஜில்லாவில் வருஷத்துக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. கேட்பதற்குக் குறைவில்லை. ஆனால் அந்த மழை எப்போது வரும், எத்தனை நாள் இடைவெளி விடும் என்பது யாருக்கும் தெரியாது. ஆடியில் ஆசை காட்டி ஆவணியில் ஏமாற்றும், புரட்டாசியில் மனமிரங்கும். இந்த மழையின் குணத்தை அறிந்துதான் கொல்லை அமைக்கப்பட்டிருக்கிறது.

கலப்புக் கொல்லை

கேழ்வரகுக் கொல்லை ஒன்றின் வரப்பில் நின்று பார்த்தால் முதலில் ஒழுங்கே இல்லாதது போலத் தோன்றும். சற்று நேரம் பொறுத்துப் பார்த்தால் ஒழுங்கு தானாகப் புலப்படும். கேழ்வரகுக்கு நடுவே, சில சால்களுக்கு ஒரு சாலாக மொச்சையும் துவரையும். ஆங்காங்கே உயரமாகச் சோளம், கம்பு. ஓரத்தில் வேலி போல ஆமணக்கு. இடையிடையே கடுகு, எள், தட்டைப்பயறு. வரப்பில் பூசணிக் கொடி. இவை மனிதன் விதைத்தவை. விதைக்காமல் தாமாக முளைத்த பண்ணைக் கீரை, தொய்யக் கீரை, குப்பைக் கீரை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றையும் களை என்று சொல்லி எறிந்துவிடுவதில்லை. களை எடுக்கப் போகும் பெண்கள் மாலையில் மடி நிறையக் குழம்புக்கு வேண்டியதைக் கொண்டுவருகிறார்கள்.

இப்படி ஒரு கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "ஒரே நிலத்தில் இத்தனை எதற்கு, பாட்டி?" என்று கேட்டேன்.

"மழை நம்மளக் கேட்டா பெய்யுது, சாமி? சாமைக்கு வரலேன்னா துவரைக்கு வரும். ஒண்ணு கைவிட்டாலும் ஒண்ணு சோறு போடும்" என்றாள்.

விவசாயக் கலாசாலைகளில் பல பக்கங்களில் விளக்குவதைப் பாட்டி இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டாள். சாமை 80, 90 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. கேழ்வரகுக்கு நான்கு மாதம் போலாகும். மொச்சை மார்கழி, தை மாதங்களில் காய்க்கும். துவரை அதற்கும் பிறகு. ஆகையால் ஒரு மழை தவறினாலும் எல்லாம் ஒரேயடியாகப் போவதில்லை. எல்லாம் ஒரே நாளில் வந்து சந்தையில் விலை விழுவதுமில்லை.

மண்ணுக்குக் கீழே நடப்பது இன்னும் விசேஷம். கேழ்வரகின் வேர் மேல்மண்ணில் படரும். துவரையின் ஆணிவேர் ஆழத்தில் ஈரத்தைத் தேடிப் போகும். ஒருவர் பங்கை மற்றவர் பறிப்பதில்லை. மொச்சை, துவரை முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருந்துகொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உணவாக மாற்றுகின்றன. அந்தச் செடிகளின் இலை உதிர்ந்தால் அதுவும் உரம். மண்ணுக்கு மேலேயும் ஏற்பாடு பலமாகத்தான் இருக்கிறது. ஓரத்து ஆமணக்கு, இலைதின்னும் புழுக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சோளத் தட்டையின் உச்சியில் வந்து உட்காரும் கரிச்சான் குருவி புழுவையும் வெட்டுக்கிளியையும் பொறுக்கித் தின்கிறது. கடுகும் எள்ளும் பூத்தால் தேனீக்கள் வருகின்றன. இவற்றில் எதற்கும் நாம் சம்பளம் கொடுப்பதில்லை.

இப்படி எத்தனையோ ஜீவராசிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைத்தான் இக்காலத்தில் பல்லுயிர்ப் பெருக்கம் என்கிறார்கள். உலகத்தில் இது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று பெருமை கொள்ளவும் வேண்டாம். மெக்ஸிகோ தேசத்தின் பூர்வ குடிகள் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒன்றாக நட்டு "மில்பா" என்று அழைத்தார்கள். ஏன், நமது கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து குடியேறியதுதான்! நல்ல விதைக்கு தேசமும் எல்லையும் தெரியாது.

ஒற்றைப் பயிர் வந்த கதை

இவ்வளவு நல்ல கொல்லை ஏன் சுருங்கிப் போயிற்று? இதற்கு ஒருவரை மட்டும் குற்றம் சாட்டுவதற்கில்லை.

அதியமானின் முன்னோர்கள்தான் தமிழகத்துக்குக் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் அவ்வையின் பாட்டு சொல்கிறது. அந்தக் கரும்பு இன்றும் இந்த ஜில்லாவில் இருக்கிறது. சுப்பிரமணிய சிவா 1925-ஆம் வருஷத்தில் கண்மூடியது தர்மபுரிக்கு அடுத்த பாப்பாரப்பட்டியில். அந்தத் தேசபக்தர் பெயரை அரூர்ப் பக்கத்துக் கோபாலபுரத்தில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை தாங்கி நிற்கிறது. மரவள்ளியின் கதை வேறு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோயிற்று. அதனால் 1943 வாக்கில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தலையெடுத்தது. ஆலைகள் பெருகப் பெருக, மரவள்ளி சமவெளியைத் தாண்டி மலைகளிலும் ஏறிவிட்டது. இவற்றுடன் பருத்தியும் மஞ்சளும் சேர்ந்துகொண்டன.

பணப் பயிர் கையில் காசு கொடுக்கும். பள்ளிக்கூடச் சம்பளம், கல்யாணம், மருந்துச் செலவு எல்லாவற்றுக்கும் காசு வேண்டியிருக்கிறது. ஆனால் ஒற்றைப் பயிர் ரஸாயன உரம் கேட்டது. பூச்சி மருந்து கேட்டது. ஆழ்குழாய்க் கிணறு கேட்டது. இவற்றுக்கெல்லாம் கடன் வேண்டியிருந்தது. மழை பொய்த்த வருஷத்தில் கரும்புக்காரனுக்குக் கரும்பும் இல்லை, கொல்லையில் கீரையும் இல்லை. நல்ல வேளையாக ரேஷன் அரிசி வந்தது. அது பட்டினியைத் தடுத்தது. அதை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். ஆனால் களியும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இருந்த இடத்தில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு வந்து உட்கார்ந்ததும் அதே வழியாகத்தான்.

ஆஸ்பத்திரி கண்டுபிடித்த மருந்து

1993-ஆம் வருஷத்தில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்ற தம்பதிகள் சிட்டிலிங்கிக்கு வந்து ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதை எட்டாமல் இறந்தன என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்த எண்ணைப் படித்துவிட்டுச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஏழு தொட்டிலுக்கு ஒரு தொட்டில் காலி!

டாக்டர் தம்பதிகள் உள்ளூர்ப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும், நோயாளிகளைக் கவனிக்கவும் பயிற்சி அளித்தார்கள். பழங்குடி மக்களின் சொந்தக் கை உழைப்பால் ஆஸ்பத்திரி வளர்ந்தது. சிசு மரணம் வெகுவாகக் குறைந்தது. இது வைத்தியத்தின் வெற்றி. சாமையின் வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வைத்தியத்துக்கு எட்டாத ஒன்றும் இருந்தது. குழந்தை பிழைத்தது, ஆனால் தேறவில்லை. தாய்க்கு ரத்தம் போதவில்லை. பெரியவர்களுக்கோ, பட்டணத்துக்காரர்களின் சொத்து என்று நினைத்திருந்த ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் வரத் தொடங்கின. மாத்திரையால் மட்டும் தீராத இந்த வியாதியின் வேர் சமையலறையில் இருந்தது. சமையலறையின் வேர் கொல்லையில் இருந்தது.

ஆகவே ஆஸ்பத்திரி விவசாயத்தில் இறங்கிற்று. இந்நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில், விரல் விட்டு எண்ணக்கூடிய சில விவசாயிகள் ரஸாயன உரத்தை நிறுத்திப் பார்க்க இசைந்தார்கள். மாட்டுச் சாணம், தழை உரம், வேம்பும் நொச்சியும் ஆடாதோடையும் ஊறவைத்த கரைசல் என்று பழைய முறைக்குத் திரும்பினார்கள். அவர்கள் கூடி அமைத்ததே சிட்டிலிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம். இன்று அதில் பல நூறு குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. மஞ்சளையும் சிறுதானியங்களையும் சங்கமே வாங்கிச் சுத்தம் செய்கிறது. அவற்றை மாவாக்கியும் தின்பண்டமாக்கியும் விற்கும் வேலையில் பெண்களே முன் நிற்கிறார்கள். நோய்க்கு மருந்து எழுதிய கை நிலத்துக்கும் மருந்து எழுதிய கதை இது.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. குன்னூர் ஆராய்ச்சிசாலையில் ராபர்ட் மக்கரிசன் என்ற டாக்டர், 1926-ஆம் வருஷத்திலேயே, தொழு உரமிட்டு விளைந்த தானியத்துக்கும் மற்றதற்கும் போஷாக்கில் வித்தியாசம் உண்டா என்று விசுவநாத் என்ற நம் நாட்டு ரஸாயன நிபுணருடன் சேர்ந்து ஆராய்ந்தார். தொழு உரத்தில் விளைந்ததே மேல் என்று கண்டார். தஞ்சையில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1945-இல் வெளிவந்த தமது நூலில், மண்ணைத் தின்று வளரும் பொருளாதாரம் நிலைக்காது என்று வாதித்தார். நம் காலத்தில் நம்மாழ்வார் 1969-இல் சர்க்கார் விவசாய ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிவிட்டு, 2013-இல் மறையும் வரையில் ஊர் ஊராக நடந்து இதையே சொன்னார்.

நெல்லிக்கனியும் கேழ்வரகும்

தர்மபுரி ஜில்லாவுக்கு இந்தப் பழைய ஆகாரம் மற்றெந்த ஜில்லாவையும்விட அதிகமாக வேண்டியிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பென்னாகரம், பாலக்கோடு முதலிய பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பு மிகுந்திருக்கிறது. அதை நெடுநாள் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். முற்றினால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். ஆழமாகத் தோண்டத் தோண்டக் கடும்பாறையிலிருந்து வரும் நீரில் இந்த உப்பு கூடுதலாக இருப்பதுண்டு. காவேரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் வருஷத்தில் தொடங்கி வைக்கப்பட்டதே இந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதற்காகத்தான்.

நல்ல தண்ணீர்தான் இதற்கு முதல் மருந்து. அதற்கு அடுத்தபடியாக, சுண்ணாம்புச் சத்தும் ஸி வைட்டமினும் மிகுந்த உணவு இந்த நோயின் கொடுமையைத் தணிக்கும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 10 மில்லிகிராம். அதே அளவு கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல்! ஸி வைட்டமினோ நெல்லிக்கனியில் நிறைந்திருக்கிறது. அதியமான் நாட்டின் வியாதிக்கு அதியமான் நாட்டின் கனியும் களியுமே துணை நிற்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இல்லையா?

களியோடு மொச்சைக் குழம்பு சேர்வதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. தானியத்தின் புரதத்தில் குறைவாக உள்ள பகுதி பயறு வகைகளில் நிறைந்திருக்கிறது. பயறில் குறைவானது தானியத்தில் இருக்கிறது. கொல்லையில் பக்கத்துப் பக்கத்துச் சாலில் நின்றவை தட்டிலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றின் குறையை ஒன்று நிரப்புகின்றன.

உரலும் விதையும்

"இவ்வளவு நல்லதை ஜனங்கள் ஏன் கைவிட்டார்கள்? அறியாமைதானே?" என்று கேட்பவர்கள் ஒரு முறை சாமை குத்திப் பார்க்க வேண்டும். கேழ்வரகுக்கு உமி நீக்கும் தொல்லை அதிகமில்லை. இயந்திரத்தில் கொடுத்தால் மாவாகிவிடும். சாமை அப்படியல்ல. பொடியான மணியை வழவழப்பான கெட்டி உமி இறுகப் பற்றியிருக்கிறது. உரலில் இட்டு, குத்திப் புடைத்து, மறுபடியும் குத்திப் புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பகலெல்லாம் கொல்லையில் வேலை செய்து வந்த பெண்தான் இதையும் செய்ய வேண்டும். ரேஷன் அரிசி வந்த அன்று அவள் உலக்கையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள் என்றால், அவளைக் குறை கூற ஆண்பிள்ளைகளுக்கு யோக்கியதை கிடையாது.

ஆகையால் சாமையைக் காப்பாற்றப் பிரசங்கம் போதாது. சிறிய உமி நீக்கும் இயந்திரம் வேண்டும். இதை நன்கு உணர்ந்தவர்கள் நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையில் வேலை செய்த எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார். அங்கேயும் வாழ்பவர்கள் மலையாளி மக்களே. அங்கேயும் மரவள்ளி வந்து சிறுதானியத்தை விரட்டியது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, செந்தினை, மூக்கன் தினை என்று அங்கே வழங்கும் பெயர்களைக் கேட்டாலே ஒரு குடும்பத்தின் உறவு முறையைக் கேட்பது போல் இருக்கிறது. ஒன்று சீக்கிரம் விளையும். ஒன்று வறட்சி தாங்கும். ஒன்று மெலிந்த மண்ணில் வரும். அந்த விதைகளைக் காக்க நிறுவனத்தார் கண்ட வழி, கொல்லையில் விதைக்கச் செய்வதும், இயந்திரத்தால் பெண்களின் பாரத்தைக் குறைப்பதும், விளைந்ததற்கு விலை கிடைக்கச் செய்வதுமே.

விதையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். புஸ்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் நூறு வருஷம் கழித்துப் படிக்கலாம். குடியானவன் வீட்டு விதை அப்படியல்ல. விதைக்காமல் சில வருஷங்கள் விட்டால் முளைக்கும் சக்தி போய்விடும். அத்துடன், எந்த மழைக்கு எதை எவ்வளவு ஆழத்தில் விதைப்பது என்ற பாட்டியின் ஞானமும் போய்விடும். அதை எழுதி வைத்தவர் யாருமில்லை.

நம் வீட்டு அடுப்பு

சமீப காலத்தில் காற்று சற்றுத் திசை மாறியிருக்கிறது. இந்தியா முன்மொழிந்ததன் பேரில் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. அதே வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் நீலகிரி, தர்மபுரி ஆகிய இரு ஜில்லாக்களிலும், ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கேழ்வரகை விட்டுக் களியை மறந்த குடும்பங்களுக்கு அதே ரேஷன் கடை வழியாக அது திரும்பி வருவது நியாயந்தான்.

பட்டணங்களிலும் சிறுதானியத்துக்குத் திடீரென்று மவுசு வந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் இதில் இரண்டு அபாயங்கள் இருக்கின்றன. முதலாவது, பார்வைக்கு அழகாக இருக்கவேண்டுமென்று சாமையை அரிசி போலவே வெள்ளை வெளேரென்று தீட்டிவிடுவது. தீட்டத் தீட்ட நாரும் சத்தும் தவிடாகப் போய்விடும். பெயர் மட்டும் சாமையாக மிஞ்சும். இரண்டாவது அபாயம் பெரிது. பட்டணத்தில் விலை ஏறினால், விளைவித்தவன் தன் வீட்டுக் குதிரைக் காலி செய்து சாமை முழுவதையும் விற்றுவிட்டு, வெள்ளைச் சோற்றையே உண்ணலாம். சாமைக்கு நல்ல விலை என்று கொல்லை முழுவதும் சாமையை மட்டுமே விதைத்தால், அதுவும் இன்னொரு ஒற்றைப் பயிர்தான். கரும்பு செய்ததைச் சாமையும் செய்யும்.

ஆகையால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும், அவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். பட்டை தீட்டாத, சற்று மங்கிய நிறமுள்ள சாமையைக் கேட்டு வாங்குங்கள். சாமையை மட்டும் வாங்காமல், அதே கொல்லையில் விளைந்த மொச்சையையும் துவரையையும் கேழ்வரகையும் எள்ளையும் சேர்த்து வாங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் களி கிண்டினால் குழந்தைகள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். கீரைக் குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் மூன்றாம் நாள் கேட்டுச் சாப்பிடுவார்கள். கொல்லையில் பல பயிர் நிற்க வேண்டுமானால் அடுப்பில் பல பண்டம் வேக வேண்டும். சிட்டிலிங்கிப் பெண்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மீதிப் பங்கு நம் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது.